உழைப்பை மதிப்பிடும் உரிமை

கையால் செய்யப்படும் வேலை தாழ்ந்தது, கருத்தால் செய்யப்படும் வேலை உயர்ந்தது என்னும் எண்ணம் மனித சமுதாயத்தில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இன்று இதனை வெளிப்படையாக ஆதரிப்போர் அரியர். விரிவுரை மண்டபங்களிலும் பரீட்சை விடைத்தாள்களிலும் உழைப்பின் மாண்பை நாம் யாவரும் போற்றியே எழுதுகின்றோம். ஆயினும், ஒரு தொழிலாளி தன் வேலைக்கு விலை கூறும் வேளையில் நம் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது? பிறர் உழைப்பை மதிப்பிடும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகின்றது? இவ்வினாவை ஆராயும் சந்தர்ப்பம் எனக்கு நூலகத்தில் வாய்க்கவில்லை. எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய கார் ஒன்றின் முன்னேதான் வாய்த்தது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025இலேயே மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வாகனத்தைப் பேணி ஓட்டுவதே பலருக்கும் வழியாயிற்று. எங்கள் காரும் இருபது வயதைக் கடந்தது. கடந்த விடுமுறையில், சந்திகளில் நிறுத்தும்போதெல்லாம் அதன் எஞ்சின் நடுங்கி அணைந்துபோகத் தொடங்கியது. ஊரிலுள்ள கராச்சில் காட்டினேன். திரொட்டில் பொடியில் அழுக்கேறியுள்ளது, துப்புரவாக்க வேண்டும் என்ற மெக்கானிக், அதற்கான கூலியையும் கூறினார்.

“அரை மணித்தியால வேலைக்கு இவ்வளவு காசோ அண்ணை?” என்றேன்.

அவர் சினக்கவில்லை. “அப்ப நீரே செய்து பாரும் தம்பி. பிழைச்சால் கொண்டு வாரும்” என்றார்.

எஞ்சினுள் பெற்றோல் எரிவதற்குக் காற்று வேண்டும். வடிகட்டியைக் கடந்து வரும் காற்று, எஞ்சினை அடையுமுன் குறுகிய உலோகக் குழாய் ஒன்றினூடாகச் செல்கின்றது. அதன் நடுவே, அச்சொன்றிற் பொருத்தப்பட்ட வட்டத் தகடு உண்டு. அக்சிலேற்றரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடும். இவ்வமைப்பே திரொட்டில் பொடி எனப்படுவது. வாகனம் நின்றபடி எஞ்சின் ஓடும்போது தகடு ஏறத்தாழ மூடியே இருக்கும். அப்போது அதன் விளிம்பிலுள்ள மெல்லிய இடைவெளியினூடாகவே எஞ்சின் மூச்சுவிடுகின்றது எனலாம். எஞ்சினின் அடிப்பகுதியில் எழும் எண்ணெய் ஆவி, வெளியே விடப்படாமல் மீள எரிக்கப்படுவதற்காகக் காற்றுப் பாதைக்கே திருப்பப்படுகின்றது. அந்த ஆவியும் கரியும் நாளடைவில் தகட்டின் விளிம்பிற் படிந்து இடைவெளியை அடைக்கின்றன.

இவ்வளவையும் வாசித்து அறிந்துகொண்டே வேலையைத் தொடங்கினேன். றப்பர்க் குழாயைக் கழற்றினேன். உரிய துப்புரவுத் திரவத்தைத் துணியில் நனைத்து, பழைய பற்தூரிகை ஒன்றையும் துணைகொண்டு கரியைத் துடைத்தேன். தகட்டை விரலால் தள்ளித் திறந்து பின்புறத்தையும் தேய்த்தேன். கறுத்திருந்த உலோகம் பளபளத்தது. அரை மணித்தியாலம் என நான் கணக்கிட்ட வேலைக்கு இரண்டரை மணித்தியாலம் சென்றது. ஆயினும் கூலி மிஞ்சியது என்ற மகிழ்ச்சியோடு எஞ்சினை இயக்கினேன். அது அணையவில்லை, மாறாக, அக்சிலேற்றரில் கால் வைக்காமலே பேரிரைச்சலோடு ஓடியது. எவ்வளவு நேரம் காத்திருந்தும் வேகம் தணியவில்லை. மறுநாள் கராச் வாயிலில் நான் நின்ற நிலையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மெக்கானிக் நகைக்கவில்லை. காரணத்தை விளக்கினார். அழுக்கு மெல்ல மெல்லக் கூடியபோது, காரின் கணினி அதனை ஈடுசெய்வதற்காகத் தகட்டைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து பழகிவிட்டது. அந்த ஈடுசெய்தல் எல்லையை எட்டிய பின்னரே எஞ்சின் அணையத் தொடங்கியது. அழுக்கை நான் நீக்கிவிட்டேன்; ஆனால், அழுக்குக்கேற்பப் பழகிய பழக்கம் கணினியில் எஞ்சியிருந்தது. ஆகவே தேவைக்கு மேலான காற்று உட்சென்றது. மின்மோட்டார் இயக்கும் தகட்டை விரலால் வலிந்து தள்ளினால் உள்ளிருக்கும் பற்சக்கரம் உடையவும் கூடும் என்றார். அது உடையாமற் போனது என் திறமையாலன்று. எஞ்சினைச் சூடாக்கி, உரிய முறைப்படி கணினிக்குப் புதிய நிலையைப் பழக்க அவருக்குப் பத்து நிமிடமே சென்றது. அவர் கேட்ட சிறு தொகையைப் பேரம் பேசாமற் கொடுத்தேன்.

இந்நிகழ்வை மெய்யியல் நோக்கில் ஆராய்வது பயனுடையது. ஒன்றைப் பற்றி அறிதல் வேறு, ஒன்றைச் செய்ய அறிதல் வேறு என ஆங்கில மெய்யியலாளர் கில்பேட் றைல் 1949இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். செய்யும் அறிவு என்பது விதிகளை மனத்திற் கூறிக்கொண்டு பின்னர் செயற்படுவதன்று. செயலிலேயே அந்த அறிவு உறைந்துள்ளது. நான் மதிப்பிட்டது மெக்கானிக்கின் நேரத்தை மட்டுமே. அந்நேரத்தைச் சுருக்கித் தந்த பல்லாண்டுப் பயிற்சி என் கணக்கில் இடம்பெறவில்லை. ஒருவர் எவ்வளவு கற்றுத் தேர்ந்தாரோ அவ்வளவு விரைவாக வேலை முடிகின்றது. விரைவாக முடிவதனாலேயே அது எளிய வேலை என நாம் கருதிக் கூலியைக் குறைக்க முயல்கின்றோம். திறமைக்கே தண்டம் விதிக்கும் நியாயம் இது.

இத்தவறு தனிமனிதத் தவறு மட்டுமன்று. தொழிலைப் பிறப்போடு பிணைத்து, கையில் அழுக்குப் படிவோரை வாசலுக்கு வெளியே நிறுத்திய சமுதாயத்தின் வழிவந்தோர் நாம். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் கிடையாதபோது, பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வழக்கத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். நோயாளரையும் பயணிகளையும் சுமந்த அவ்வண்டிகளை ஓடச் செய்தது கராச்சுகளின் அறிவே. அதனை ‘அறிவு’ என அழைக்க நம் நா எளிதில் எழுவதில்லை. ‘கைப்பழக்கம்’ என்று கூறி அமைகின்றோம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லா மெக்கானிக்குகளும் நேர்மையானவர்களா? தேவையற்ற பாகத்தை மாற்றிப் பணம் பறிப்போர் இல்லையா? உளர், மருத்துவரிலும் வழக்கறிஞரிலும் கூடத்தான் உளர். காரணம் கேட்பதும் விளக்கம் கோருவதும் வாடிக்கையாளரின் உரிமையே. ஆனால் நான் காரணம் கேட்கவில்லை; விலை அநியாயம் என முன்னரே தீர்ப்பளித்தேன். மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பெறும் கட்டணத்தை நிமிடத்தால் வகுத்துப் பார்க்கும் துணிவு எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஐயத்தில் தவறில்லை. அந்த ஐயம் யாரிடம் எழுகின்றது, யாரிடம் எழுவதில்லை என்பதிலேதான் அநீதி உள்ளது.

அவ்வாறாயின் ஒவ்வொருவரும் எல்லா வேலையையும் தாமே செய்து பார்த்த பின்னரே பிறரை மதிப்பிட வேண்டுமா? அஃது இயலாத காரியம். தொழிற்பிரிவினை இன்றி இன்றைய வாழ்க்கை இல்லை. ஒருநாள் கரி துடைத்தமையால் நான் தொழிலாளியாகிவிடவுமில்லை. பிழைத்தால் திரும்பிச் செல்ல எனக்கோர் இடமிருந்தது. ஆனால் ஒரு வேலையையேனும் செய்து தோற்றவனுக்கு, தான் செய்யாத ஏனைய வேலைகளிலும் தனக்குத் தெரியாதவை உண்டென எண்ணும் அடக்கம் பிறக்கலாம். அந்த அடக்கம் இன்றிப் பிறர் உழைப்பை மதிப்பிடும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே என் துணிபு.

வீடு கட்டுவதாலேயே ஒருவன் கொத்தனாகின்றான். நீதியான செயல்களைச் செய்வதாலேயே நீதிமானாகின்றான் என்பது அரிஸ்ரோட்டிலின் கொள்கை. உழைப்பின் மாண்பைப் பற்றி நாம் கற்ற கோட்பாடுகள் மனத்தின் கரியைத் துடைத்திருக்கலாம். அக்கரியோடு வாழ்ந்து பழகிய பழக்கமோ அன்றே அகல்வதில்லை. அடுத்த முறை கராச்சில் விலை கேட்கும்போதும் “இவ்வளவோ?” என்ற சொல் என் நாவின் நுனிவரை வரவே செய்யும். அதனை அங்கேயே நிறுத்தி, “என்ன வேலை அண்ணை?” என்று முதலிற் கேட்பதற்கு நான் இனித்தான் பழக வேண்டும்.