பிலால்



விடியற்காலையில் உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு, அதாவது வைகறைத் தொழுகைக்கான அழைப்பு, ஒலிக்கும். பாங்கு சொல்கிறவரை மோதினார் என்கிறோம். மோதினார்களுக்கெல்லாம் முதல்வர் பிலால். செனகல், துருக்கி, நம் காயல்பட்டினம் என எங்கே போனாலும் அந்தப் பெயரில் ஒரு பையன் இருப்பான்.

அரபியில் பிலால் என்றால் ஈரம். தண்ணீரோ பாலோ, தொண்டையை நனைக்கிற எதுவும் பிலால்தான். உறவு காய்ந்துபோக விடாதீர்கள், ஒரு சலாம் சொல்லியாவது ஈரமாக வைத்திருங்கள் என்ற பொருளில் ஒரு நபிமொழிகூட உண்டு. நெஞ்சில் ஈரம் என்று பேசும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பழைய அரபிகள் பெற்ற பிள்ளைகளுக்குச் சிங்கம், ஓநாய், பாறை என்று எதிரி மிரளும்படி பெயர் வைப்பார்களாம். காதுக்கு இதமான பெயர்கள் அடிமைகளுக்கு. நாளெல்லாம் கூப்பிடப்போவது தாங்கள்தானே!

பிலாலும் மக்காவில் அடிமையாக இருந்தவர்தான். தாய் ஹமாமா, அபிசீனியப் பெண். மகன் இஸ்லாத்தைத் தழுவியதும், எஜமான் உமையா உச்சி வெயிலில் சுடுமணலில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றினான். 'அஹத், அஹத்', ஒருவனே, ஒருவனே என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வரவில்லை. நபிகளின் தோழர் அபூபக்கர் அவரை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்.

மதீனாவுக்குக் குடிபெயர்ந்திருந்த முஸ்லிம்கள் 630இல் மக்காவுக்குத் திரும்பியபோது, கஅபாவின் மேலேறி பாங்கு சொன்னவர் பிலால். எல்லாரும் சொல்லும் காட்சி அது. எனக்குப் பிடித்தது வேறொன்று. அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டி, நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவரின் வீடு. அக்கம்பக்கத்தில் அதுதான் உயரம். மினாராவெல்லாம் பிறகு வந்தவை. விடிவதற்கு முன்பே பிலால் வந்து அந்த வீட்டின் மேலேறி உட்கார்ந்துவிடுவார். கிழக்கு வெளுக்கிறதா என்று பார்த்தபடி இருப்பார். வெளுத்ததும் சோம்பல் முறிப்பார். உடனே பாங்கு அல்ல. முதலில் ஒரு பிரார்த்தனை. மக்காவின் குறைஷி குலத்தார் நல்வழிக்கு வர வேண்டும் என்று.

உமையா குறைஷிதான். 

ஓர் இரவுகூட அவர் அந்த வார்த்தைகளை விட்டதாக எனக்குத் தெரியாது என்கிறார், அந்த வீட்டுக்கார அம்மாள்.