குவளையும் பாசியும்

கனிமவியலுக்குள் புகுந்த காலத்தில் என்னை நெடுநாள் உறுத்திய ஐயம் ஒன்றைக் குருவையும் சீடனையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தீர்க்கப் பார்த்தேன். சீடன் என்னைவிடச் சாது. அது என் வசதிக்காக.

சீடன்: ஐயா, கனிமப் பட்டியலில் ஹைட்ரோரோமார்க்கைட் என்றொரு பெயர் கண்டேன். வெள்ளீயத்தின் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கிறது. எந்த மலை, எந்தச் சுரங்கம் என்று தேடினால், கனடாவில் ஆற்றின் அடியில் கிடந்த வெள்ளீயக் குவளைகளின் மேல் என்கிறார்கள். பாத்திரத்தில் ஏறிய களிம்பையும் கனிமம் என்று சொல்லலாமா?

குரு: முதலில் பொருளைப் பார். பெயருக்காகச் சண்டை போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒண்டாரியோ மாகாணத்தில் வின்னிபெக் ஆற்றில் பவுண்டரி நீர்வீழ்ச்சி என்று ஓர் இடம். மென்மயிர்த் தோல் வாணிகத்துக்காகத் தோணி வலித்துப் போனவர்களின் வழி அது. 1801க்கும் 1821க்கும் இடையில் ஒரு தோணி கவிழ்ந்து, அதிலிருந்த வெள்ளீயக் குவளைகள் அடியில் போய்விட்டன. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து மேலே எடுத்தபோது அவற்றின் மேல் கறுப்பாகச் சின்னஞ்சிறு படிகங்கள், அவற்றோடு வெள்ளையாக ஒரு மெல்லிய படலம். 1971இல் ஆர்கன், மாண்டரினோ என்ற இருவர் இரண்டையும் புதுக் கனிமங்களாக அறிவித்தார்கள். ராயல் ஒண்டாரியோ அருங்காட்சியகத்தின் பெயரையும் தொல்லியலையும் ஒட்டிக் கறுப்புக்கு ரோமார்க்கைட் என்று பெயர். வெள்ளை அதன் ஹைட்ராக்சில் உறவுக்காரன்.

சீடன்: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

குரு: ரோமார்க்கைட்டில் ஒரு வெள்ளீய அணுவுக்கு ஓர் ஆக்சிஜன். ஹைட்ரோரோமார்க்கைட்டில் மூன்று வெள்ளீயத்துக்கு இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ராக்சில். எடைக் கணக்கில் கறுப்பில் நூற்றுக்கு 88 பங்கு வெள்ளீயம். வெள்ளையில் 84க்குச் சற்று மேல். சுரங்கத்துத் தாதுவான கசிடெரைட்டில் 79கூட இல்லை. இந்த இறங்குவரிசை தற்செயல் அன்று. உலோகமாக இருக்கும் வெள்ளீயம் எலக்ட்ரான் எதையும் இழக்காதது. ரோமார்க்கைட்டிலும் ஹைட்ரோரோமார்க்கைட்டிலும் இருப்பது இரண்டை இழந்தது. கசிடெரைட்டில் இருப்பது நான்கை இழந்தது. வெள்ளீயம் போய்ச் சேரும் கடைசி வீடு கசிடெரைட்தான். அங்கே போனபின் அதை எளிதில் வெளியே இழுக்க முடியாது. இரண்டை மட்டும் இழந்து வழியில் நிற்கும் வெள்ளீயம் காற்றும் நீரும் பட்டால் நான்கை நோக்கி ஓடும். ஆகவே வழியில் நின்றுவிட்ட இந்த ஹைட்ராக்சைடு அரிதாக இருப்பதில் வியப்பில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டை இழந்த வெள்ளீயத்தில், பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜன்கள் எல்லாம் மறுபக்கம் ஒதுங்குகின்றன. அதனால் ரோமார்க்கைட் அடுக்கடுக்காக அமைகிறது. வெள்ளையிலோ ஆறு வெள்ளீய அணுக்கள் எண்முகமாகக் கூடி, அதன் எட்டு முகங்களின் மேலும் முகத்துக்கு ஒன்றாக ஆக்சிஜன் உட்கார்ந்து, அவற்றில் நான்கு ஹைட்ரஜனைச் சுமக்க, ஒரு கொத்தாகிறது. படிகம் அந்தக் கொத்துகளின் வரிசை. பள்ளிப் புத்தகத்தில் ஒரு வெள்ளீயத்துக்கு இரண்டு ஹைட்ராக்சில் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஸ்டானஸ் குளோரைடு கரைசலில் காரம் விட்டால் விழும் வெள்ளை வீழ்படிவு உண்மையில் இந்தக் கொத்துதான். புத்தகத்தில் இருப்பது தண்ணீரில் கிடைப்பதில்லை. ஆற்றின் அடியில் கிடந்த குவளையில் இருப்பதுதான் கிடைக்கிறது.

சீடன்: இதைத் தண்ணீர் ஏறிய ஆக்சைடு என்று சொல்லிவிட்டால் என்ன? தனிப்பெயர் எதற்கு?

குரு: ஏறிய தண்ணீர் முழு மூலக்கூறாக நிற்கவில்லை. பிரிந்து, ஹைட்ராக்சிலாகக் கொத்துக்குள் பிணைந்துவிட்டது. இதில் ஐயப்பட ஒன்றும் இல்லை. மேலே போ.

சீடன்: இவ்வளவு அரிதான, ஒரு பயனும் இல்லாத பொருளுக்கு...

குரு: பயனைக் கேட்பவன் சந்தைக்குப் போகட்டும். உன் உண்மையான கேள்வியைக் கேள்.

சீடன்: உண்மையான கேள்வி இதுதான். ஒரு காரியத்துக்கு முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்று உண்டு என்று நம் நூல்கள் பிரிக்கின்றன. குடத்துக்கு மண் முதல், திரிகை துணை, குயவன் நிமித்தம். குவளையைச் செய்தவன் மனிதன். அந்தக் குவளை இல்லாவிட்டால் படலமும் இல்லை. ஆகவே படலத்துக்கும் மனிதனே நிமித்தம். மனிதன் செய்தது கனிமம் ஆகாது.

குரு: குயவன் குடத்துக்கு நிமித்தம். கிணற்றடியில் கிடந்த குடத்தின் மேல் படர்ந்த பாசிக்கும் அவன்தான் நிமித்தமா? பாசி படரும்போது அவன் வீட்டில் உறங்குகிறான். பாசியை அவன் எண்ணவும் இல்லை, வேண்டவும் இல்லை. தோணிக்காரனும் அப்படித்தான். அவனுக்கு வேண்டியது குடிக்க ஒரு குவளை. அது போயிற்றே என்று திட்டிவிட்டு அடுத்த துறைக்கு வலித்துப் போயிருப்பான்.

சீடன்: உவமை சறுக்குகிறது ஐயா. பாசி குடத்தைத் தின்று வளரவில்லை. இந்தப் படலத்தில் உள்ள வெள்ளீயம் ஒவ்வோர் அணுவும் குவளையின் வெள்ளீயம். நிமித்தத்தை விட்டுவிடுகிறேன், முதற்காரணமே மனிதன் கை பட்டதாயிற்றே!

குரு: இப்போதுதான் நீ கேட்கத் தொடங்கியிருக்கிறாய். நானும் இங்கேதான் நெடுநாள் நின்றேன். பாசியைத் தள்ளிவிட்டுக் குடத்தையே எடு. சுடாத பச்சைக் குடம் ஒன்றை மழையில் விடு. கரைந்து சேறாகும். அந்தச் சேற்றைச் செய்தது யார்? மண் குயவனிடமிருந்து வந்தது உண்மை. ஆனால் குயவனுக்கு அது எங்கிருந்து வந்தது? குளத்திலிருந்து. வெள்ளீயமும் அப்படியே. கசிடெரைட்டைக் கரியோடு சுட்டு, அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கி மனிதன் உலோகமாக்கினான். அணுவை அவன் உண்டாக்கவில்லை. நான்கு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவே. ஆற்றுநீர் அவற்றில் இரண்டை மறுபடி வாங்கிக்கொண்டது. பொருளின் வழியைப் பார்த்தால் நடுவில் சில மணி நேரம் ஓர் உலை குறுக்கிட்டது.

அந்த உலைதான் குற்றம் என்பாய். சரி, உலை இல்லாத இடத்தைப் பார். சுரங்கம் தோண்டுகிறோம். ஆழத்துப் பாறை முதன்முறையாகக் காற்றைப் பார்க்கிறது. சில ஆண்டுகளில் சுரங்கச் சுவரில் பச்சையும் நீலமுமாகச் சல்பேட்டுகள் பூக்கின்றன. தோண்டியிராவிட்டால் அவை அங்கே இல்லை. ஆனாலும் அவை கனிமமே என்கிறார்கள், வேண்டுமென்றே உண்டாக்காதவரை. ஆகவே 'மனிதன் இல்லாவிட்டால் இது இல்லை' என்ற உன் அளவுகோல் எங்கும் செல்லுபடி ஆகவில்லை.

இனி உலை பட்டதையும் பார். கிரேக்க நாட்டில் லாவ்ரியோன் என்ற இடத்தில் பழங்காலத்தார் வெள்ளி உருக்கி, கசடைக் கடலோரம் கொட்டினார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கடல்நீர் அந்தக் கசடில் ஊறி, ஈயத்தின் புதுப்புதுக் குளோரைடுகளை உண்டாக்கிற்று. 1887இல் விவரிக்கப்பட்ட லாரியோனைட் அவற்றில் ஒன்று. அதற்குக் கனிமப் பட்டம் கொடுத்தார்கள். செங்கடலில், ஜெத்தாவுக்கு அருகே ஷார்ம் அபுர் என்ற கடற்கழியில், மூழ்கிய கப்பலின் வெள்ளீயக் கட்டிகளில் உண்டான அபுரைட்டை 1985இல் அறிவித்தார்கள். அதுவும் பட்டியலில் ஏறிற்று. அந்த அபுரைட்டை இங்கே விட்டுப்போக மனம் இல்லை. வின்னிபெக் ஆற்றில் நன்னீர். வெள்ளீயம் ஆக்சிஜனோடும் ஹைட்ராக்சிலோடும் நின்றுகொண்டது. செங்கடலில் உப்பு, அங்கே குளோரினும் கூட்டுச் சேர்ந்து, இருபத்தொரு வெள்ளீயத்துக்குப் பதினாறு குளோரின் என்று ஒரு பெரிய கட்டமைப்பு வந்தது. அதனால் முந்தையது ஆக்சைடு, ஹைட்ராக்சைடு வகுப்பில். பிந்தையது ஹாலைடு வகுப்பில். உலோகம் ஒன்றே. எந்த வகுப்பு என்பதைத் தீர்மானித்தது அது கிடந்த தண்ணீர். படலத்தின் மேல் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று நீ கேட்டால், நான் தண்ணீருடையது என்பேன். குவளை செய்தவனுடையது என்று சொல்ல அதில் ஒரு வரிகூட இல்லை.

வெள்ளீய ஹைட்ராக்சைடு என்றாலே பாத்திரக் களிம்பு என்று எண்ணிவிடாதே. இன்னொரு குடும்பம் இருக்கிறது. அதில் நான்கை இழந்த வெள்ளீயம் ஆறு ஹைட்ராக்சில்களைச் சுற்றி நிறுத்தி, மாங்கனீசு, மக்னீசியம், கால்சியம் போன்ற ஒன்றோடு மாறி மாறி அடுக்கி நிற்கிறது. பெரோவ்ஸ்கைட் கட்டுக்கோப்புதான், ஆனால் நடுவில் பெரிய அணு உட்கார வேண்டிய இடம் காலி. சுவீடனின் லாங்பானில் கிடைத்த விக்மனைட் (1967), அலாஸ்காவின் ஷோன்ஃப்ளீசைட் (1971), மொராக்கோவின் பர்டைட் (1981) எல்லாம் இந்தக் குடும்பம். தஜிகிஸ்தானின் முஷிஸ்டோனைட் செம்பும் கலந்த வகை. அங்கே ஸ்டானைட் தாது சிதைந்து அது உண்டாகிறது. அந்த முஷிஸ்டன் மலையில் வெண்கலக் காலத்திலேயே வெள்ளீயம் தோண்டினார்கள் என்பது வேறு கதை. இவை பாறையில் பிறந்தவை. இவற்றின் குலத்தை யாரும் கேட்பதில்லை. ஹைட்ராக்சில் பிணையும் விதமும் எக்ஸ் கதிரில் படிகம் காட்டும் ஒழுங்கும் பாறையில் ஒரு மாதிரி, குவளையில் ஒரு மாதிரி என்று பிரிவதில்லை. வெள்ளைப் படலத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் எந்த வெள்ளைத் தூளும் போலத்தான் இருக்கும். எக்ஸ் கதிரில் வைத்தால்தான் இன்னது என்று சொல்லும். அந்தக் கதிருக்குத் தோணிக்காரனைத் தெரியாது.

(சீடன் இங்கே ஏதோ சொல்ல வாயெடுத்தான். குரு அதைப் பார்க்கவில்லை.)

சீடன்: ...அப்படியானால் நாளைக்கு ஒரு குப்பை மேட்டில் புதுக் கலவை ஒன்று கிடைத்தால் அதுவும் கனிமமா?

குரு: ஆகாது.

சீடன்: ஐயா! இவ்வளவு நேரம் சொன்னது?

குரு: பன்னாட்டுக் கனிமவியல் சங்கத்தின் புதுக்கனிமக் குழு 1990களில் விதியை இறுக்கிவிட்டது. மனிதன் செய்த பொருளின் மேல் இயற்கை வேலை செய்து உண்டானதை இனிப் புதுக் கனிமமாக ஏற்பதில்லை. முன்னே ஏற்றவை அப்படியே இருக்கட்டும் என்று முடிவு. காரணமும் சொன்னார்கள். இன்றைய தொழிற்சாலை உண்டாக்கும் விந்தைப் பொருள்களை வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்தால், வருடத்துக்கு நூறு புதுக் கனிமம் யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். பழங்குயவன் செய்தது மண்குடம். இன்றைய குயவனிடம் இல்லாத மண்ணே இல்லை. கணக்குப் பிள்ளையின் அச்சம் இது. ஆனால் நியாயமான அச்சம். 2017இல் சிலர் எண்ணிப் பார்த்தபோது, மனிதச் செயலால் மட்டுமே அல்லது பெரும்பாலும் அதனாலேயே உண்டானவையாக 208 கனிமங்கள் பட்டியலில் இருந்தன. கதவைத் திறந்தே வைத்திருந்தால் இந்த எண் எங்கே போய் நிற்குமோ!

சீடன்: அப்படியானால் ஹைட்ரோரோமார்க்கைட் இன்று கிடைத்திருந்தால்?

குரு: பெயர் கிடைத்திருக்காது. வெள்ளீயத்தின் ஹைட்ராக்சைடாக மட்டும் இருந்திருக்கும். நீ ஒரே கேள்வி என்று கொண்டு வந்ததில் இரண்டு இருக்கின்றன. இது என்ன என்பது ஒன்று; அதற்கு அணுவும் பிணைப்பும் விடை சொல்லும், தேதி மாறினாலும் விடை மாறாது. இதைப் பட்டியலில் சேர்ப்பதா என்பது மற்றொன்று. அதற்குக் குழு விடை சொல்லும், குழு மாறினால் விடையும் மாறலாம். நீ இரண்டாவதன் விடையை எடுத்து முதலாவதன் தலையில் கட்டினாய். நானும் பல காலம் அப்படியே கட்டிக்கொண்டு திரிந்தேன்.

சீடன்: முதல் விடை மாறாது என்றால், இரண்டாவது வெறும் சடங்குதானே?

குரு: சடங்கு என்று தள்ளிவிடாதே. பட்டியல் இல்லாவிட்டால் இரண்டு நாட்டில் இரண்டு பேர் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைப்பார்கள். அது முன்பு நடந்தும் இருக்கிறது. போகட்டும், நேரமாயிற்று.

சீடன்: ஒன்று மட்டும் ஐயா. காட்சிப் பெட்டியில் இதை வைத்தால் சீட்டில் என்ன எழுதுவது?

குரு: பெயரை எழுது. மூன்று வெள்ளீயம், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ராக்சில் என்று வாய்பாட்டை எழுது. பவுண்டரி நீர்வீழ்ச்சி, வின்னிபெக் ஆறு, ஒண்டாரியோ என்று இடத்தை எழுது. அதன் கீழே 'வெள்ளீயக் குவளையின் மேல் உண்டானது' என்று போடு. சிலர் அந்த வரியை மட்டும் பொடி எழுத்தில் போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். நீ மற்ற வரிகளின் அளவிலேயே போடு. பெட்டியில் விக்மனைட் பக்கத்தில் மட்டும் வைக்காதே. அது நான்கை இழந்த குடும்பம். ரோமார்க்கைட் பக்கத்தில் வை.