உளியும் எழுத்தாணியும்

கல்வியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்னும் குரல் விடுதலைக்குப் பின் நம் நாட்டில் ஓய்ந்ததே இல்லை. 1964 முதல் 1966 வரை கோத்தாரி குழு ஆராய்ந்தது. 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கல்விக் கொள்கைகள் வெளிவந்தன. தமிழ்நாடும் 2025 ஆகஸ்டில் தனக்கெனக் கல்விக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மொழி எது, தேர்வு எப்போது, நிதி யார் கையில் என்னும் வாதங்களுக்கு இடையே ஓர் அறக்கேள்வி மட்டும் கவனிப்பாரின்றி நிற்கிறது. கைத்தொழிலைக் குழந்தைக்குக் கற்பிப்பது நாம் அளிக்கும் கொடையா, அன்றி அதன் காலில் பூட்டும் தளையா?

இக்கேள்விக்கு நம் மரபில் ஒரு தொடக்கம் உண்டு. ஆதிபகவனாகிய விருஷப தேவர், மக்கள் உயிர்வாழும் பொருட்டு அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்று நம் புராணங்கள் கூறும். மசி என்பது எழுத்துத் தொழில். சிற்பம் என்பது கைவினை. இரண்டையும் ஒரே ஆசான் ஒரே வரிசையில் வைத்துக் கற்பித்தார். தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் அறிவித்தவரும் அவரே. எழுத்தாணி உயர்ந்தது, உளி தாழ்ந்தது என்னும் எண்ணம் பிற்காலத்தார் சேர்த்துக்கொண்டது.

அவ்வெண்ணம் விளைத்த சிக்கலுக்கு 1953ஆம் ஆண்டு சான்றாகும். அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது திட்டம். கட்டிடமும் ஆசிரியரும் போதாத நிலையில், இருவேளை வகுப்பு நடத்தினால் மேலும் பல குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம். ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்குவது நம் நெறியாதலால், அந்த நியாயத்தை நாம் மறைத்தலாகாது. ஆயினும் குயவர் மகனுக்குச் சக்கரமும் எழுத்தர் மகனுக்கு ஏடும் என்று பிறப்பே பாடத்திட்டமாகி விடும் என மக்கள் அஞ்சினர். ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது.

இதற்கு முன்பே, 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாகக் கொண்டதுதான். எனினும் இரண்டும் ஒன்றல்ல. வார்தா திட்டத்தில் தொழில் பள்ளிக்குள் வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாயிற்று. 1953இன் திட்டத்தில் குழந்தை பள்ளியை விட்டு வெளியே சென்றது. அவரவர் குலத்தொழிலிடமே ஒப்படைக்கப்பட்டது. குற்றம் உளியில் இல்லை. அதனை யார் கையில் கொடுப்பது என்பதைப் பிறப்பைக் கொண்டு முடிவு செய்ததில்தான் உள்ளது.

உளியை வேறு வகையிலும் கற்பிக்கலாம் என்பதற்குச் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையிலேயே சான்று உண்டு. குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்ட மூன்றாண்டுகளுக்குப் பின், 1957இல், மாமல்லபுரத்தில் அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. இன்று அது மரபுக் கட்டடக்கலையிலும் சிற்பக்கலையிலும் பட்டம் வழங்கும் அரசுக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. தந்தை மகனுக்கு மட்டும் சொல்லித் தந்த அளவுகளும் இலக்கணங்களும் அங்கே வகுப்பறைப் பாடங்களாயின. பள்ளிப் படிப்பை முடித்த எக்குடும்பத்துப் பிள்ளையும் விரும்பினால் அங்குச் சேரலாம். அதன் முதல்வராகப் பல்லாண்டு பணியாற்றிய கணபதி ஸ்தபதி, சிற்பியர் மரபில் பிறந்தவர். காரைக்குடியில் கணிதம் பயின்று பட்டமும் பெற்றவர். 2000ஆம் ஆண்டு கன்னியாகுமரியில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலை அவர் வடிவமைத்தது. ஏட்டுக் கணக்கும் கைப்பழக்கமும் ஒருவரிடத்தே கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அச்சிலையே போதும்.

அதே கடற்கரையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. தோலுக்காகப் பாம்பைக் கொல்லும் தொழில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் தடைப்பட்டது. அவ்வறிவே பின்னர் உயிர் காக்கப் பயன்பட்டது. பாம்புகளைப் பிடித்துச் சில வாரம் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. பள்ளிக்கே செல்லாத வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர் பெருமக்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நம் கல்வி முறையின் கணக்கில் இவர்கள் ‘கல்லாதவர்கள்’. அக்கணக்கு பிழையானது. ஆனால் இவர்தம் பேரப்பிள்ளைகளும் பாம்புதான் பிடிக்க வேண்டும் என்று கூறுவோமாயின், அது அதனினும் பெரிய பிழை.

இவ்வாதம் பழங்கதை அன்று. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோர் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்களித்தது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்குமாறும், குறைந்த வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்துமாறும் தமிழக அரசு கேட்டது. 2025இல் எக்குடும்பத்தாரும் சேரத்தக்க கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே தொடங்கியது. ஏழு பதிற்றாண்டுகள் கடந்தும் கேள்வி அதுவேதான்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று சிலர் வினவுவர். விரல்கள் இளமையிலேயே பழக வேண்டும் என்பது மெய்யே. அதனால்தான் கைத்தொழில் பள்ளிக்குள்ளேயே வர வேண்டும் என்கிறோம். பட்டறையில் பறக்கும் கல்தூசி நுரையீரலைக் கெடுக்கும். அங்கே சிறுவனை அமர்த்துவது கல்வியன்று, இம்சை. பள்ளியிலோ களிமண்ணும் மரமும் நூலும் போதும்.

கல்வித் திருத்தத்தில் நாம் வேண்டுவன மூன்று. தொடக்கப் பள்ளி முதற்கொண்டு, செல்வர் பள்ளியாயினும் அரசுப் பள்ளியாயினும், ஒவ்வொரு குழந்தைக்கும் வாரந்தோறும் கைவினைப் பாடம் இருத்தல் வேண்டும். அது பெற்றோரின் தொழிலாக இருக்க வேண்டுவதில்லை. அப்பாடத்தைக் கற்பிக்க ஊரிலுள்ள தச்சரும் குயவரும் நெசவாளரும் ஆசிரியர் என்னும் மதிப்போடும் ஊதியத்தோடும் அழைக்கப்பட வேண்டும். கைவினை பயின்றவர்க்குப் பல்கலைக்கழகத்தின் பிற வாயில்களும், ஏடு பயின்றவர்க்குப் பட்டறையின் வாயிலும் எவ்வயதிலும் திறந்திருக்க வேண்டும்.

அரசுக்கு உரைப்பது எளிது. நம் இல்லங்களையும் நோக்குவோமாக. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் ஏர் பிடித்தும் ஏடு படித்தும் வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. இன்று மகன் பொறியியல் படித்தால் ஊரெங்கும் சொல்கிறோம். நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான் என்றால் குரலைத் தாழ்த்துகிறோம். அக்குரலைக் கேட்டே பிள்ளை வளர்கிறது. எந்தப் பாடத்திட்டமும் கற்பிக்காத இழிவை நாமே வீட்டில் கற்பிக்கிறோம். ஆறு தொழில்களையும் ஒரே ஆசான் அருளினார் என்று நம்புகிறவர்கள், அவ்வாறில் எதனைத் தம் பிள்ளை தேர்ந்தாலும் ஒரே குரலில் சொல்லப் பழக வேண்டும். கல்வித் திருத்தத்தில் நம் பங்கு அங்கிருந்தே தொடங்கட்டும்.