நோன்பு நாட்டில் விருந்தாளியின் கடமை

2025 மார்ச்சில், ரமலான் மாதத்துப் பகலொன்றில், மலேசியாவின் ஜொகூர் பாருவில் வணிக வளாகக் கடையொன்றில் உண்டுகொண்டிருந்த முஸ்லிம் அல்லாத இளைஞரை முதியவர் ஒருவர் அறைந்தார். காணொளி பரவியது, முதியவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அந்நாட்டில் நோன்புச் சட்டம் முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். இளைஞர்மீது குற்றமில்லை, அடித்த கைக்கு நியாயமும் இல்லை. ஆனால் அந்த இளைஞர் உள்ளூர்க்காரர். வெளியூரிலிருந்து விருந்தாளியாகச் செல்பவரின் கடமை வேறு. புதுச்சேரியின் பண்டசோழநல்லூர், வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலை தேடியோ பிள்ளைகளைப் பார்க்கவோ செல்வோர், தம் சமயம் விதிக்காத நோன்பை மதிக்க வேண்டுமா? மதித்தே ஆக வேண்டும்.

நோன்பாளி வைகறை முதல் அந்தி வரை ஒரு மிடறு நீரும் பருகுவதில்லை. ரமலான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முந்தி வருவதால், சில ஆண்டுகளில் அது கடுங்கோடையில் அமைகிறது. பயணியும் நோயாளியும் பின்னொரு நாளில் நோற்கலாம் எனக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சலுகை தருகிறது. தம்மவரின் பயணக் களைப்புக்கே இரங்கும் நெறி, பிற சமயத்தாரைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. வேண்டப்படுவது சற்று மறைவாக உண்ணும் நாகரிகம் மட்டுமே.

குவைத்தில் 1968ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி, பகலில் பொது இடத்தில் உண்பவருக்கு 100 தினார் வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். துபாயிலோ, உணவகங்கள் திரை கட்ட வேண்டியதில்லை என 2021இல் விதி தளர்ந்தது. அபராதத்துக்கு அஞ்சி வாய் மூடுவதில் பெருமை எதுவும் இல்லை. திரை விலகிய ஊரிலும் பசித்திருப்பவர் முன் உண்ணக் கூசும் மனமே பண்பட்ட மனம்.

தமிழ் மரபு கற்பிப்பதும் இதையே. உலகத்தாரோடு பொருந்த நடக்கத் தெரியாதவரை, எவ்வளவு கற்றிருந்தாலும் அறிவில்லாதவர் என்கிறது குறளின் ஒழுக்கமுடைமை அதிகாரம். கண்ணோட்டம், பண்புடைமை அதிகாரங்களும் பிறர் மனமறிந்து நடப்பதையே போற்றுகின்றன. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து வந்த பிசிராந்தையார் தாமும் உடனிருந்து உண்ணாநோன்பு ஏற்றதைப் புறநானூறு காட்டுகிறது. நண்பனின் நோன்பைத் தன் நோன்பாக்கிய அந்தப் பயணியின் வழித்தோன்றல்களுக்கு, தண்ணீர்ப் புட்டியைப் பைக்குள் வைப்பது பெரிய தியாகமா?

நம் பக்கத்திலும், அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிய ஊருக்கு வரும் உறவினர் கவிச்சி சமைப்பதில்லை. அவருக்கு அந்த அம்மன்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை; ஊரின் விரதத்தை அவர் மதித்தால் போதும்.

வெயிலில் உழைக்கும் கூலியாளுக்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் தண்ணீர் உயிர்த்தேவை. அதை மறுப்பது அறமாகாது. அவர்களும் நிழலோரமாக ஒதுங்கிப் பருகலாம்.

பயணி செய்ய வேண்டியவை எளியவை. சாப்பாட்டை அறையிலோ திறந்திருக்கும் உணவகத்திலோ முடித்துக்கொள்ள வேண்டும். தெருவில் புகைப்பதையும் மெல்லுவதையும் விட வேண்டும். அந்திக்குச் சற்று முன் வீடு திரும்பும் கூட்டத்தில் பொறுமை காக்க வேண்டும். நோன்பு திறக்க யாரேனும் அழைத்தால் மறுக்காமல் சென்று, அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு ஒலிக்கும்வரை காத்திருந்து, நீட்டப்படும் பேரீச்சம்பழத்தை அவர்களோடு சேர்ந்து உண்ண வேண்டும்.