ஒன்பது நிமிடத்துக்கு ஒரு புள்ளி

1996-இல் வந்த பாம் பைலட், சட்டைப் பையில் அடங்கும் கணினி. அகலத்தில் 160, உயரத்தில் 160 என்று புள்ளிகள் கொண்ட, வண்ணம் இல்லாத திரை. இரண்டு சிறிய பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடும். அத்தகைய கையடக்கக் கருவிகளுக்கென்று எழுதப்பட்ட நிரல்களில், உலகப் படத்தின் மேல் இரவையும் பகலையும் காட்டுபவையும் உண்டு. பகல் நிலவும் பகுதி வெளிறியிருக்கும், இரவு கவிந்த பகுதி கறுத்திருக்கும், நடுவே அலைபோல் வளைந்த ஒரு கோடு. காட்சி அவ்வளவுதான். தியானத்துக்கு உட்கார இதைவிட எளிய துணை ஒன்றை நான் அறியேன்.

அந்தக் கோட்டை வரைய வானிலிருந்து யாரும் படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. இன்றைய தேதியும் கிரீன்விச்சின் மணியும் போதும். நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே சூரியன் உச்சியில் நிற்கிறது என்பதைத் தேதி சொல்லிவிடும். எந்தத் தீர்க்கரேகையில் இப்போது நண்பகல் என்பதை மணி சொல்லிவிடும். மீதி கோணக் கணக்கு. அடைமழை பெய்யும் ஊரிலும், கண்ணை மூடிக் கிடக்கும் நோயாளியின் அறையிலும் அந்தக் கணக்கு பிசகுவதில்லை. வழிபடுகிற மனத்துக்கு இது பெரிய ஆறுதல்.

உலகின் 360 பாகைகளையும் அந்த 160 புள்ளி அகலத்துக்குள் விரித்தால், ஒரு புள்ளிக்கு இரண்டேகால் பாகை. பூமி அவ்வளவு சுழல ஒன்பது நிமிடம் ஆகும். அதுவரை திரையில் எதுவும் அசையாது. ஆனால் நிலநடுக்கோட்டில் நிற்பவர் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். ஒரு புள்ளி நகர்வதற்குள் 250 கிலோமீட்டர் கடந்துவிடுகிறார். சூரிய ஒளி பூமிக்கு வந்துசேர எடுத்துக்கொள்வதோ எட்டு நிமிடமும் சில வினாடிகளும். கோடு ஒரு முறை நகர்ந்து மறுமுறை நகர்வதற்குள், அங்கே புறப்பட்ட வெளிச்சம் இங்கே யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் விழுந்துவிடுகிறது. அசையாத திரையின் முன் அந்த ஒன்பது நிமிடம் சும்மா இருந்து பாருங்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் முறையிடும். பிறகு அதுவும் ஓயும்.

நம் அகப்பொருள் இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது. ஓர் ஊரில் வாழ்பவருக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். படத்தில் ஆறும் சேர்ந்தே இருக்கின்றன. டிசம்பரில் ஒரு நாள் சென்னையில் மாலை ஆறரை என்று வைத்துக்கொள்வோம். கெய்ரோவில் மூன்று மணி, எற்பாடு. லண்டனில் நண்பகல் சற்றே தாண்டியிருக்கிறது. நியூயார்க்கில் காலை எட்டு. லாஸ் ஏஞ்சலஸில் வைகறை ஐந்து. சிட்னியில் நள்ளிரவு யாமம். பொழுது போய்விட்டதே என்று நாம் வருந்துகிற அதே கணத்தில், போன பொழுது மேற்கே இன்னொருவர் வாசலில் நிற்கிறது. என் துயரத்தின் யாமமும் இன்னொருவரின் காலையும் ஒரே படத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு, எனக்காக மட்டும் வேண்டிக்கொள்வது எனக்குக் கூச்சமாயிருக்கிறது.

சரி, இந்தப் பங்கீடு நியாயமானதுதானா? பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால் கோடு ஆண்டு முழுக்க வளைந்தும் நிமிர்ந்தும் வருகிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் செங்குத்தாக நிமிரும். ஜூனில் வட துருவப் பகுதி முழுக்க வெளிச்சத்தில் இருக்கும். ஈக்வடாரின் கீட்டோ நகருக்கு நாள்தோறும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல். நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள லாங்இயர்பியன் ஊரிலோ அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுவரை சூரியன் எழுவதே இல்லை; கோடையில் மாதக்கணக்கில் அது மறைவதும் இல்லை. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட சரிபாதி பகல். வெப்பம் சமமாகக் கிடைப்பதில்லை, உண்மை. பகலின் நேரம் கிடைக்கிறது. அதிலும் பாதிக்குச் சற்று மேலேயே கிடைக்கிறது. நாம் மூச்சுவிடும் இதே காற்று ஒளியை வளைத்துத் தருவதால், அடிவானுக்குக் கீழே போய்விட்ட சூரியனும் சில நிமிடம் கண்ணுக்குத் தெரிகிறது. கேட்காமலே கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களை அருள் என்று எண்ணவே எனக்குப் பிடித்திருக்கிறது.

லாங்இயர்பியனைச் சுற்றி மலைகள். பிப்ரவரியில் சூரியன் அடிவானைத் தாண்டினாலும் ஊருக்குள் கதிர் விழ மார்ச் ஆகிவிடும். மார்ச் 8-ஆம் நாள் பழைய மருத்துவமனையின் படிக்கட்டருகே ஊரார் குழந்தைகளோடு திரண்டு நின்று கதிரை எதிர்கொள்கிறார்கள். எந்தக் கோயிலும் அறிவித்த திருவிழா அல்ல அது. அங்கே நிற்பவர்களைப் பக்தர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.