மோர் வேண்டாம் என்றால் காய்ச்சலா?

ஆட்டுக்கறியை விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். சபரிமலைக்கு மாலை போட்டு விட்டவர்கள், டாக்டர் பயமுறுத்தி விட்டவர்கள், வள்ளலார் மேல் பற்று வந்து ஒரே நாளில் விட்டவர்கள். காப்பியில் பாலை விட்டவர்களைத்தான் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. இறைச்சி, முட்டையோடு பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் ஒதுக்குவது நனிசைவம். 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் இதற்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் ஊரில் எது தடையாக இருந்ததோ தெரியாது, நம் ஊரில் இது முட்டிக்கொண்டு நிற்கும் இடம் காலை ஆறு மணி டபரா டம்ளர்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் ஒரு சைவ வீடு. தெருவில் மீன்காரர் குரல் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள். உயிர்க்கொலையில் நமக்குப் பங்கில்லை என்ற நிம்மதி எல்லாருக்கும் உண்டு. அந்த நிம்மதியோடுதான் வாசலில் கறக்கும் பாலைச் செம்பில் வாங்குவோம். பால்காரர் சில நாள் மாட்டோடு ஒரு கன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். செத்துப்போன கன்றின் தோலை உரித்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்தது அது. கண் இருந்த இடத்தில் ஓட்டை. கால்களுக்குக் குச்சி. அதை மாட்டின் முகத்துக்கு நேரே சாத்தி வைப்பார். மாடு நக்கும். நக்க நக்கப் பால் சுரக்கும், இவர் கறப்பார். கன்று தங்காத மாட்டுக்கு மட்டும்தான் அந்த ஏற்பாடு, எல்லா மாட்டுக்கும் இல்லை. ஆனால் அந்தக் கன்று ஏன் செத்தது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

இப்போது வைக்கோல் கன்று அநேகமாக ஒழிந்துவிட்டது. சினை ஊசியும் கலப்பின மாடும் வந்துவிட்டன. 1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் இந்தியா உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் பால் வேண்டும் என்றால் மாடு கன்று போட வேண்டும், போடும் கன்றில் பாதி காளைக்கன்று. நாட்டுமாட்டுக் காளைக்கு ஏரும் வண்டியும் இருந்தன. கலப்பினக் காளைக்கு நுகத்தடி நிற்கத் திமிலும் கிடையாது, உழுவதற்கு டிராக்டர் வந்துவிட்டதால் வேலையும் கிடையாது. அது எங்கே போகிறது என்பது மாட்டுச் சந்தைக்கு ஒருமுறை போனவர்களுக்குத் தெரியும்.

இதைச் சொன்னால் பண்பாடு என்பார்கள். வாதம் பொய்யில்லை. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் புதுமணப்பெண் கட்டித்தயிரைப் பிசைந்த கையைச் சேலையிலேயே துடைத்துக்கொண்டு கணவனுக்குப் புளிக்குழம்பு வைக்கிறாள். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வைத்த வள்ளுவரே, காமத்துப்பாலுக்கு வந்ததும் காதலியின் இதழ்நீருக்குப் பாலும் தேனும் கலந்த சுவையைத்தான் உவமை சொல்கிறார். இரண்டுமே நனிசைவத்தில் சேராது! ஆனால் பண்பாடு என்று நாம் உயிரைக் கொடுத்துக் காக்கும் காப்பி நேற்று வந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதி புத்தகத்துக்குத் தலைப்பே ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று வைத்தார்.

ஒன்றிரண்டு மாடு வைத்துக்கொண்டு காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்களிடம் போய் இந்தப் பேச்சைப் பேச எனக்கு வாய் வராது. பேசவும் கூடாது என்று நினைக்கிறேன். மாறுவது என் விருப்பம். அதற்கான பாரத்தையும் நானே சுமக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கிறது.

நனிசைவத்துக்கு மாற நினைப்பவர்கள் முதலில் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடுகிறார்கள். பாதாம் பால், சீஸ் மாதிரி ஒன்று, கோழி மாதிரி ஒன்று என்று வாங்கிக் குவித்துவிட்டு, மாதக் கடைசியில் இது பணக்காரர்கள் சமாசாரம் என்று கையை உதறுகிறார்கள். நம் அடுக்களையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்தச் செலவு தேவையே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல், துவையல், சுண்டல், வடை, அடை எதிலும் பால் கிடையாது. எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குச் சொதி வைப்பார்கள். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த குழம்பு, கூட இஞ்சித் துவையல். விருந்துகளின் உச்சம் அது. தாளிக்கும் நெய்யை மட்டும் தேங்காயெண்ணெயாக மாற்றினால் போதும்.

நெய் போவது பெரிய கஷ்டமில்லை. வெண்பொங்கலுக்கு மிளகையும் சீரகத்தையும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு நல்லெண்ணெயில் தாளிக்கலாம். கேசரி தேங்காயெண்ணெயில் வேறொரு ருசி. டால்டாவும் தாவர எண்ணெய்தானே என்று அதில் இறங்கிவிடாதீர்கள், மாட்டுக்கு நல்லது செய்யப்போய் உங்கள் இருதயத்தைக் கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

தயிர்தான் நிஜமான பரீட்சை. கடைசிப் பிடி மோர்சாதம் இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகவே நம்மில் பலருக்குத் தோன்றாது. அதற்கு நான் கண்ட வழி நிலக்கடலை. ஒரு கப் கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் தோலைக் கசக்கி எடுத்து, மைய அரைத்து, மூன்று நான்கு கப் தண்ணீர் விட்டு மெல்லிய துணியில் பிழிய வேண்டும். வரும் பாலைக் கிளறிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். விட்டால் பொங்கும், மறந்தால் அடிபிடிக்கும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பச்சைமிளகாயின் காம்பு ஐந்தாறைக் கழுவிப் போட்டு மூடிவைக்கலாம். உறைய வைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் காம்பிலேயே இருக்கின்றன. முதல் தடவை உறைவது கொழகொழவென்று, கடலை வாடையோடு இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப்பேர் இந்தப் பக்கமே திரும்புவதில்லை. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள், அது கெட்டியாக நிற்கும், புளிப்பும் சரியாக இருக்கும். கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் கடலை வாடை அடங்கிவிடும். பிழிந்த சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம். பசுந்தயிர் மாதிரியே இருக்குமா என்றால் இருக்காது. அந்த எதிர்பார்ப்பை விட்டவர்களுக்கு இது பிடித்துப்போகிறது.

காப்பியை நான் கடைசியாக வைத்துக்கொண்டேன், அதையே மற்றவர்களுக்கும் சொல்கிறேன். முதல் நாளே காப்பியில் கைவைத்தால் மூன்றாம் நாள் மொத்தமும் போச்சு. கொதிக்கிற டிகாக்‌ஷனில் சோயா பாலை ஊற்றினால் திரியும். சோயா பாலைத் தனியாக இளஞ்சூடாக்கி, டிகாக்‌ஷனைச் சற்று ஆறவிட்டுச் சேர்த்தால் ஓரளவு தப்பும். ஓட்ஸ் பால் இன்னும் நன்றாக ஒத்துப்போகிறது, விலைதான் ஒத்துப்போகவில்லை. எனக்குக் கருப்பட்டிக் காப்பி போதும். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அது புதிதும் இல்லை.

இனி உடம்பு. இதில் விளையாட்டுக் கூடாது. நம் சைவச் சாப்பாட்டில் பாலையும் தயிரையும் அப்படியே உருவிவிட்டால் மிஞ்சுவது சோறு, கூடக் கொஞ்சம் சோறு. பல வீட்டுச் சாம்பாரில் பருப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ஆகவே போன இடத்தைப் பருப்பும் பயறும் நிரப்ப வேண்டும். தினமும் ஏதாவது ஒரு சுண்டல், முளைகட்டிய பயறு, அடை, கொள்ளு ரசம், வாரத்தில் ஓரிரு நாள் மீல்மேக்கர். கால்சியத்துக்கு அலைய வேண்டாம், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் இருக்கிறது, அதே அளவு பாலில் இருப்பது ஏறக்குறைய 120. எள்ளும் முருங்கைக்கீரையும் துணைக்கு உண்டு. கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை, நெல்லிக்காய் உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காப்பியும் அதைத் தடுக்கும்.

சமையலால் தீராததில் முக்கியமானது வைட்டமின் பி12. அதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். நம்பிச் சாப்பிடும்படியான அளவில் எந்தச் செடியிலும் அது கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினாவில் இருக்கிறது என்று வரும் பேச்சை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. ஸ்பைருலினாவில் பெரும்பாலும் இருப்பது நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்ற தைரியம் வந்துவிடும். பிறகு கால் மரத்துப்போவது, சோர்வு, ஞாபகமறதி என்று ஒவ்வொன்றாக வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறையக்கூடும். மாறும் முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, டாக்டரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். இயற்கை உணவுக்கு மாறிவிட்டு மாத்திரையா என்று கேட்பவர்கள் உப்பில் அயோடின் சேர்ந்து வருவதை மறந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் டாக்டர், உணவியல் நிபுணர் துணையில்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. பாலும் தேனும் சேர்ந்தாலும் பச்சைப் புள்ளிதான் வரும். 2022-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நனிசைவத்துக்கென்று தனிச் சின்னம் கொண்டுவந்தது, அது இன்னும் எல்லாப் பாக்கெட்டிலும் ஏறவில்லை. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் பிஸ்கட்டிலும் பிரெட்டிலும், சிப்ஸில்கூட, பால் பொருள் ஒளிந்திருப்பது தெரியும். ஓட்டலில் ரவா தோசையில் மோர், பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம், கேட்டுவிடுவது நல்லது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டு. பிரசாதத்தை மறுப்பதா வேண்டாமா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. நான் ஒரு துளி வாங்கிக்கொள்கிறேன்.

கல்யாணப் பந்தி இன்னொரு கலை. நெய்க் கிண்ணத்தோடு வருபவர் யாரையும் கேட்க மாட்டார், பருப்பு விழுந்த மறுநொடி நெய் விழுந்துவிடும். அந்த நொடிக்கு முன்னால் இலைமேல் கையை நீட்டத் தெரிய வேண்டும். அவியலில் தயிர் இருக்கும், பாயசம் தாண்டிப்போகும். சாம்பாரும் ரசமும் பொரியலும் அப்பளமும் வயிற்றை நிரப்பிவிடும்.

சொந்தக்காரர்கள்தான் பந்தியைவிடச் சிக்கல். மதுரையில் பெரியம்மா வீட்டில் மோர் வேண்டாம் என்றதும் அவர் என் நெற்றியைத் தொட்டுப்பார்த்தார். “மோருகூட வேண்டாங்கியே, காய்ச்சலாய்யா?” மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். “நம்ம வீட்டு மாடு நம்ம பிள்ளை மாதிரில்லாய்யா இருந்துச்சு” என்று கண் கலங்கிவிட்டார். அதுவும் உண்மைதான், லட்சுமி என்று பெயர் வைத்துப் பொங்கல் அன்று பொட்டு வைத்த மாடு அது. டாக்டர் வேண்டாம் என்றார் என்று ஒரு வார்த்தை சொன்னால் எந்த வீட்டிலும் கேள்வியே வராது. கருணை என்று சொன்னால் மட்டும், நாம் அவர்களைக் குற்றம் சொல்வதாக அவர்களுக்குப் படுகிறது. எனக்குப் பொய் சொல்ல இஷ்டமில்லை, பிரசங்கம் செய்யவும் இஷ்டமில்லை. “ரசம் பிரமாதம் பெரியம்மா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க” என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. சமைத்தவருக்கு வேண்டியது இலை காலியாவது.

என் வீட்டில் மனைவி மாறவில்லை. ஆவின் பாக்கெட் தினமும் வருகிறது. ஃபிரிட்ஜில் அவள் தயிர் எவர்சில்வர் கிண்ணத்தில், என் கடலைத் தயிர் மண்சட்டியில். இதுவரை சண்டை வந்ததில்லை. வராததற்குக் காரணம், என் சட்டியை நான்தான் உறைய வைக்கிறேன். நான் பார்த்தவரை இந்த மாற்றம் பாதியில் நின்ற வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். கொள்கை ஒருவருடையது, பெரும்பாலும் அப்பாவோ மகனோ. ரெண்டு சமையல் சமைப்பது அம்மா. ஒரு மாட்டின் மேல் இரக்கப்பட்டு, வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வதில் என்ன அகிம்சை இருக்கிறது?

ஆகவே மாறுவது என்று முடிவு செய்திருக்கிறீர்களா, வீட்டில் அறிவிக்க வேண்டாம். இன்று ராத்திரி ஒரு கப் நிலக்கடலையை நீங்களே ஊறப்போடுங்கள். காலையில் நீங்களே அரையுங்கள், மிக்ஸி ஜாரையும் வடிகட்டிய துணியையும் நீங்களே கழுவி வையுங்கள்.