தலைநகரம் போன வழி

ஓர் ஊர் தலைநகரமாக இருந்ததற்கு எதைச் சாட்சியாகக் கொள்வது? ஜெயங்கொண்டத்தைத் தாண்டி முந்திரிக் காடுகளுக்கு அப்பால் அந்தக் கோயில் விமானம் தலைகாட்டும்போதெல்லாம் எனக்குள் இந்தக் கேள்வி எழும். கங்கைக் கரை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன், 1025-ஐ ஒட்டித் தஞ்சையை விட்டு இங்கே குடியேறினான். அதற்குப் பிறகு ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது. இன்று கங்கைகொண்ட சோழபுரம் ஒரு சிறு கிராமம்.

வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். வடக்குப் படிக்கட்டின் பக்கத்துச் சுவரில் சிவன் குனிந்து, கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியார் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். பார்வதி பக்கத்தில் இருக்கிறாள். சுற்றும் விரல்களில் அவ்வளவு பதம். அந்தச் சண்டேசர் ராஜேந்திரனே என்று எண்ணுவோரும் உண்டு. எனக்கு அந்த விரல்களே போதும்.

ஆனால் நகரம் எங்கே போயிற்று? அருகிலுள்ள மாளிகைமேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது அரண்மனையின் செங்கல் அடித்தளமும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. சுவர்கள் பெரும்பாலும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தச் செங்கல்லைப் பெயர்த்துப் போய் சுற்றுப்பட்டு ஜனங்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். கோயிலுக்கும் அதே கதிதான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது மதிலையும் கோபுரத்தையும் இடித்துக் கல் எடுத்தார்கள். ரோமின் கொலோசியத்திலிருந்தும் இப்படித்தான் கல் போயிற்று. அங்கே அது தேவாலயங்களுக்கும் மாளிகைகளுக்கும் சுவரானது.

அந்தக் கோபுரத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. என்றாலும் அந்தக் கல் போய்ச் சேர்ந்த இடத்தையும் எண்ணிப் பார்க்கிறேன். கீழணை இருக்கும் அணைக்கரையில் திருப்பிவிடப்படும் தண்ணீர் வடவாற்றில் ஓடி வீராணம் ஏரியை நிரப்புகிறது. வழியெல்லாம் நெல் விளைகிறது. அந்த வீராணத்திலிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது. பழைய தலைநகரின் கல் இன்றைய தலைநகரின் தாகம் தீர்க்கிறது என்றால் அதை வெறும் அழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்துவது வேறு. வெற்றித் தூணைக் கல்லில் நாட்டாமல் தண்ணீரில் நாட்டியவன் ராஜேந்திரன். கங்கை நீரைக் கொண்டுவந்து அவன் அமைத்த சோழகங்கம் ஏரியை, நீராலான வெற்றித்தூண் என்றே திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் அதற்குக் கால்வாய் வந்ததாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. இப்போது பொன்னேரி என்று அழைக்கப்படும் அந்த ஏரி எவ்வளவோ காலம் தூர்ந்து, முள்காடு மண்டிக் கிடந்தது. வரத்து வாய்க்கால்களும் வீணாயின. இந்த ஊரின் குணமே அந்த ஏரிதான் என்பது என் கட்சி. ஊருக்குச் சோறு போடும் ஒன்றையே தன் பெருமையின் அடையாளமாக வைத்த அரசன் வேறு எத்தனை பேர்?

கோயில் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையும் விமரிசையாக நடக்கிறது. 2025-இல் அந்த விழாவுக்குப் பிரதமரே வந்தார். ஏரியைச் சீரமைக்கும் அறிவிப்பும் வந்திருக்கிறது. கரையைப் பலப்படுத்தி நடைபாதை போடுவதோடு வேலை நின்றுவிடக் கூடாது. வாய்க்கால்களில் ஆக்கிரமிப்பை எடுத்து, மதகுகளைப் பழுதுபார்த்து, ஆயக்கட்டில் கடைசி வயல் வரை தண்ணீர் பாயச் செய்ய வேண்டும். விழாவுக்குக் கூடும் நாங்கள் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.